பார்பரா ஸ்டான்விக் டிவிக்குப் போனது இறக்கமா?

கேள்வி, பிப்ரவரி 3

பழைய ஹாலிவுட் நடிகைகளில் பார்பரா ஸ்டான்விக்கை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள். நான் அவருடைய 'தி பிக் வேலி' டிவி தொடரை நாலு எபிசோடு பார்த்தேன். வெள்ளை முடியோடு குதிரைமேல் ஓர் அம்மா, வளர்ந்த பிள்ளைகள், வாரத்துக்கு ஒரு பஞ்சாயத்து. மார்க்கெட் போன பிறகு டிவிக்கு வந்து அம்மா வேஷம் கட்டியதுதானே இது? எல்லா ஊரிலும் நடப்பதுதானே?

பிப்ரவரி 3, இரவு 11.20

நாலு எபிசோடு பார்த்துவிட்டு அறுபது வருஷத் தொழிலுக்குத் தீர்ப்பு எழுதியாயிற்று. சரி.

1920-களின் கடைசியிலிருந்து படம். நாலு தடவை ஆஸ்கர் பரிந்துரை: 'ஸ்டெல்லா டாலஸ்', 'பால் ஆஃப் ஃபயர்', 'டபுள் இன்டெம்னிட்டி', 'சாரி, ராங் நம்பர்'. நாலிலும் கிடைக்கவில்லை. 1944-இல் அமெரிக்காவிலேயே அதிகச் சம்பளம் வாங்கிய பெண் அவர்தான். நடிகைகளில் மட்டுமில்லை, எல்லாப் பெண்களிலும். அப்படிப்பட்டவர் 58 வயதில் முதல் தடவையாக ஒரு டிவி தொடருக்கு வந்து, அதற்கு எம்மியும் (அமெரிக்க டிவி விருது) வாங்கினார். ஆஸ்கர் தராததை எம்மி தந்தது. இதைப் போய் இறக்கம் என்கிறீர்கள்.

தூக்கம் வருகிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, காலை 7.05

ராத்திரி அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன். 'பிக் வேலி' அவருடைய முதல் தொடர் இல்லை. 1960-61-இல் என்பிசி சேனலில் அவர் பேரிலேயே ஒரு நிகழ்ச்சி வந்தது. வாரம் ஒரு தனிக்கதை, அரைமணி நேரம், 36 எபிசோடு. ஒரு சிலவற்றைத் தவிர எல்லாவற்றிலும் அவர்தான் நாயகி. அதற்கும் எம்மி வாங்கினார். அந்த ஒரு சீசனோடு நிறுத்தியும் விட்டார்கள். விருதும் வேலைநீக்கமும் கையோடு கையாக.

அவருக்கு ஆசை வெஸ்டர்ன் (கௌபாய் கதை) தொடரில் நடிப்பது. கிடைத்தது, நல்ல கவுன் போட்டுக்கொண்டு நின்று "இன்றைய கதை" என்று அறிமுகம் செய்கிற வேலை. அது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பார்த்தாலே தெரியும். கதைக்குள் நடிக்கும்போது இருக்கிற ஆள் வேறு, அறிமுகத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிற ஆள் வேறு.

பிப்ரவரி 4, இரவு 9.50

நான் பேசுவது ரசிகனாக இல்லை. ஆறு வருஷம் மெகா சீரியலில் உதவி இயக்குநராக இருந்தேன், பெரும்பாலும் கன்டின்யூட்டி பார்க்கிற வேலை. போன ஷாட்டில் தாலி வெளியே இருந்ததா உள்ளே இருந்ததா என்று நோட்டில் எழுதுகிறவன். அதனால் எனக்கு ஸ்டான்விக் மேல் வருகிற மரியாதை வேறு மாதிரி.

ஃப்ராங்க் காப்ரா 1930-இல் அவரை வைத்து 'லேடீஸ் ஆஃப் லெஷர்' எடுத்தார். படப்பிடிப்பு தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே ஒரு விஷயம் பிடிபட்டது. இந்தப் பெண் முதல் டேக்கில் மொத்தத்தையும் கொட்டிவிடுகிறாள். ஒத்திகை பார்த்தால் ஒத்திகையிலேயே தீர்ந்துபோகிறது. இரண்டாவது டேக்கில் பாதிகூடக் கிடைப்பதில்லை. சாதாரண இயக்குநராக இருந்தால் நடிகையைத் திட்டியிருப்பார். காப்ரா முறையை மாற்றினார். மற்றவர்களை வைத்து அவர் இல்லாமலே ஒத்திகை பார்த்தார். பிறகு அவரை நேராக ஷாட்டுக்குக் கூப்பிட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட கேமரா வைத்து ஒரே மூச்சில் எடுத்தார். லைட்டிங் ஆட்களுக்கு எவ்வளவு தலைவலி என்று ஃப்ளோரில் நின்றவனுக்குத் தெரியும். க்ளோசப்புக்கு வைக்கிற லைட் வேறு, வைடுக்கு வைக்கிற லைட் வேறு. இரண்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும்.

காப்ரா, ஸ்டான்விக் ஜோடி மொத்தம் ஐந்து படம் செய்தது.

நான் வேலை பார்த்த ஒரு சீரியலில், பேர் வேண்டாம், நாயகி அழுகிற காட்சிக்குக் கிளிசரின் வைத்தது முதல் பேக்கப் வரை இரண்டரை மணி நேரம். பதினொன்றாவது டேக்குக்கு இயக்குநர் "ஒன் மோர்" என்றபோது அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அதைத்தான் ஒளிபரப்பினோம். ஸ்டான்விக் வேலைமுறையைப் பற்றிப் படித்தபோது அந்த நாள்தான் ஞாபகம் வந்தது. பத்து டேக்கை வீணடித்தது அந்தப் பெண்ணா, நாங்களா?

பிப்ரவரி 6, மதியம்

"ஸ்டான்விக் என்ன பேர், ஜெர்மன்காரியா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. நிஜப்பேர் ரூபி ஸ்டீவன்ஸ். 1907, புரூக்ளின். 1926-இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் 'தி நூஸ்' நாடகம் நடந்தபோது, ரூபி என்ற பேர் எடுபடாது என்று ஒரு பழைய நாடக அறிவிப்புத் தாளை எடுத்தார்களாம். அதில் இருந்த நாடகத்தின் பேரிலிருந்து 'பார்பரா', அதில் நடித்தவரின் பேரிலிருந்து 'ஸ்டான்விக்'. குழந்தைக்குப் பேர் வைக்கிற நேரம்கூட எடுக்கவில்லை.

நாலு வயதில் தாய் போய்விட்டார். குடித்துவிட்டுத் தள்ளாடிய ஒருவன் இடித்து டிராமிலிருந்து விழுந்தார், அதிலிருந்து மீளவில்லை. அப்பா பனாமா கால்வாய் வெட்டுகிற வேலைக்குக் கிளம்பிப் போனவர் திரும்பவே இல்லை. அதன்பின் ஒரு வீடு மாற்றி ஒரு வீடாக, காசு வாங்கிக்கொண்டு பிள்ளை வளர்க்கிறவர்களிடம் வளர்ந்தார். பதினைந்து பதினாறு வயதில் மேடையில் கோரஸ் நடனம்.

இதையெல்லாம் சோகக்கதையாகச் சொல்ல வரவில்லை. பதினாறு வயதில் சம்பளம் வாங்கியவர் 78 வயதிலும் சம்பளத்துக்கு நடித்துக்கொண்டிருந்தார் என்பதற்காகச் சொன்னேன்.

பிப்ரவரி 7, இரவு 12.30

'டபுள் இன்டெம்னிட்டி' மறுபடி பார்த்தேன். இன்சூரன்ஸ் ஆசாமியோடு சேர்ந்து கணவனைக் கொல்கிறவளாக ஸ்டான்விக் நடித்த படம். ஏழாவது தடவையோ என்னவோ.

முதலில் விக். அந்தப் பொன்னிற விக் நெற்றியில் சுருட்டி வைத்த பாய் மாதிரி இருக்கும். பாரமவுன்ட் தயாரிப்புத் தலைவர் பட்டி டிசில்வா ரஷ் (எடிட் செய்யாத காட்சிகள்) பார்த்துவிட்டு, "ஸ்டான்விக்கைக் கூப்பிட்டோம், ஜார்ஜ் வாஷிங்டன் வந்திருக்கிறார்" என்றாராம். இயக்குநர் பில்லி வைல்டர் பிற்காலத்தில் உண்மையை ஒப்புக்கொண்டார். நாலு வாரம் எடுத்த பிறகுதான் விக் தப்பு என்று அவருக்கே உறைத்திருக்கிறது. நாலு வாரத்தைத் திரும்ப எடுக்க முடியுமா? யாராவது "என்னய்யா இந்த விக், போலியாக இருக்கிறதே" என்றால், "கண்டுபிடித்துவிட்டீர்களா, அவள் போலியானவள் என்று காட்டத்தான் அப்படி வைத்தேன்" என்று சமாளித்துவிடுவாராம். கன்டின்யூட்டி பார்த்தவர்கள் எல்லோரும் இந்தப் பதிலை நெஞ்சில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும்.

இன்னும் இருக்கிறது. பிரெட் மெக்மர்ரே நடிப்பது கல்யாணமாகாத இன்சூரன்ஸ் ஆசாமியாக. விரலில் அவருடைய சொந்தக் கல்யாண மோதிரம். நானாக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அப்புறம் அந்தக் கதவு. மெக்மர்ரேயின் அபார்ட்மென்ட் கதவு நடைபாதைப் பக்கமாகத் திறக்கும். எந்த ஊரில் அப்படிக் கதவு வைப்பார்கள்? ஆனால் வெளிப்பக்கம் திறந்தால்தானே ஸ்டான்விக் அதன் பின்னால் ஒளிய முடியும். மோசடியை மோப்பம் பிடிக்கிற இன்சூரன்ஸ் ஆளாக வரும் எட்வர்ட் ஜி. ராபின்சன் நடைபாதையில் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார், கதவுக்குப் பின்னால் இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தப்பு என்று தெரிந்தும் என் முதுகு நிமிர்ந்துவிடும்.

இதெல்லாம் ஓரமாக இருக்கட்டும். கொலைக் காட்சியைச் சொல்கிறேன். காரில் ஸ்டான்விக் ஓட்டுகிறார், பக்கத்தில் கணவன், பின்சீட்டுக்குக் கீழே பதுங்கியிருக்கும் மெக்மர்ரே. ஹார்னை அடிக்கிறார், அதுதான் சமிக்ஞை. பக்கத்தில் கொலை நடக்கிறது. நமக்கு எதுவும் காட்டுவதில்லை. கேமரா ஸ்டான்விக் முகத்தில் மட்டும். சத்தம் கேட்கிறது. அவர் ரோட்டைப் பார்க்கிறார். முகத்தில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை, கண்ணில் மட்டும் ஏதோ ஒரு திருப்தி வந்து உட்காருகிறது. பல்லைக் கடிப்பதில்லை, புருவத்தைத் தூக்குவதில்லை. எங்கள் சீரியலாக இருந்தால் மூன்று தடவை ஜூம் போயிருப்போம், இடியும் சேர்த்து.

இந்த வேஷத்தை ஏற்க அவருக்கே பயமாக இருந்ததாம். கொலைகாரியாக நடித்தால் மற்ற வேஷங்கள் கெட்டுப்போகுமோ என்று. "நீ எலியா, நடிகையா?" என்று வைல்டர் கேட்டிருக்கிறார். நடிகை என்றுதான் நம்புகிறேன் என்றாராம். அப்படியானால் செய் என்று சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 8

விக் எனக்குப் பிடிக்கும் என்று எழுதியவருக்கு: தாராளமாகப் பிடிக்கட்டும். ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் ரசிகர்கள் உண்டு.

பிப்ரவரி 10, இரவு 10.15

ஒரு டேக் ஆள் என்று 4-ஆம் தேதி எழுதினேன் அல்லவா. ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: 'ஃபார்ட்டி கன்ஸ்' குதிரைக் காட்சியும் ஒரே டேக்தானா?

இல்லை, மூன்று. சாமுவேல் ஃபுல்லர் 1957-இல் எடுத்த படம். காலில் சேணத்தின் வளையம் மாட்டிக்கொண்டு குதிரை அவரைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். டூப் போட வந்தவர்கள் ஆபத்து என்று மறுத்துவிட்டார்கள். அவரே செய்தார், ஐம்பதைத் தொடுகிற வயதில். முதலில் எடுத்தது ஃபுல்லருக்குத் திருப்தியில்லை, மறுபடி எடுத்தார்கள், மறுபடியும். உடம்பெல்லாம் சிராய்ப்பு. முணுமுணுக்காமல் எழுந்து வந்து நின்றாராம்.

ஆக, "ஒரு டேக்" என்பது உணர்ச்சிக்கு மட்டும். உடம்புக்கு எத்தனை டேக் வேண்டுமானாலும் தருவார். என் முந்தைய குறிப்பு பாதி சரி, பாதி ரசிகன்.

இன்னொன்றும் யோசித்தேன். இப்படி இழுபட்டதை நான் ஏன் பெருமையாகச் சொல்கிறேன்? டூப் ஆட்களே முடியாது என்று சொன்ன காட்சி. எங்கள் யூனிட்டில் ஒரு நடிகைக்குக் கிணற்றடிக் காட்சியில் கால் பிசகியபோது, "பரவாயில்லை சார், இன்னொன்று போகலாம்" என்று அந்தப் பெண் சொன்னதைத் தயாரிப்புத் தரப்பு ஒரு மாதம் பெருமையாகப் பேசியது. நானும் தலையாட்டினேன். அந்தப் பெண்ணுக்கு அன்று வேறு வழி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

ஸ்டான்விக்குக்கு வழி இருந்தது, அவர் விரும்பித்தான் செய்தார். இருந்தாலும் எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது.

பிப்ரவரி 13

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "எல்லாம் சரி, 1957-க்குப் பிறகு படம் எங்கே?" என்கிறார்.

மடக்கிவிட்டார். 'ஃபார்ட்டி கன்ஸ்' வந்த பிறகு 1962-இல் 'வாக் ஆன் தி வைல்ட் சைட்' வரும்வரை அவருக்கு ஒரு படம்கூட வெளிவரவில்லை. ஏறக்குறைய ஐந்து வருஷம். அந்த இடைவெளியில்தான் டிவி வந்தது. எனவே "டிவி இறக்கமே இல்லை" என்று நான் 3-ஆம் தேதி மார்தட்டியது கொஞ்சம் ஓவர். படம் கிடைத்திருந்தால் படத்திலேயே இருந்திருப்பார்.

ஆனால் இதையும் கணக்கில் எடுங்கள். அந்தக் காலத்துப் பெரிய நடிகைகளில் பலர் ஒரே ஸ்டூடியோவோடு ஏழு வருஷ ஒப்பந்தம் போட்டவர்கள். ஸ்டூடியோ வளர்த்தது, ஸ்டூடியோ கதை தேடியது, ஸ்டூடியோ கைவிட்டதும் தெருவில் நின்றார்கள். ஸ்டான்விக் எந்த ஒரு ஸ்டூடியோவுக்கும் முழுசாகச் சிக்கவில்லை. இன்றைக்குக் கொலம்பியா, நாளைக்கு வார்னர், அப்புறம் ஆர்கேஓ, பாரமவுன்ட். கூலி பேசி வேலை செய்கிற கொத்தனார் மாதிரி. வேலை எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பழகியவருக்கு, வேலை டிவிக்கு இடம் மாறியபோது கூடவே போவதில் கௌரவக் குறைச்சல் தெரிந்திருக்காது. இது என் யூகம்தான்.

முடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலேயே நரைக்க ஆரம்பித்துவிட்டது. சாயம் பூச மாட்டேன் என்றுவிட்டார். ஹாலிவுட்டில் நாற்பதைத் தாண்டிய நாயகி நரையோடு நின்றால் என்ன வேஷம் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

பிப்ரவரி 15, இரவு 11

'பிக் வேலி' முதல் எபிசோடை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் முழுசாகப் பிடிபடாது, நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தேன்.

கதை 1870-களில், கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் பக்கம். விக்டோரியா பார்க்லி பெரிய பண்ணைக்காரி. புருஷன் செத்துவிட்டான். ஹீத் என்று ஓர் இளைஞன் வருகிறான், நானும் அந்த மனுஷனின் மகன்தான் என்கிறான். வேறொரு பெண்ணுக்குப் பிறந்தவன்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். "சின்ன வீட்டுப் பிள்ளையா?"

ஆமாம் என்றேன்.

"இவ என்ன செய்வா? விரட்டிடுவாளா?"

விரட்டவில்லை, வீட்டில் சேர்த்துக்கொள்கிறாள். ஸ்டான்விக் அதைத் தியாகமாக நடிக்கவில்லை என்பதுதான் விஷயம். கண் கலங்கி, கையைப் பிடித்து, "நீயும் என் பிள்ளைதான்" என்கிற ரகமில்லை. அந்தப் பையனை ஒரு கன்றுக்குட்டியை எடை போடுகிற மாதிரி பார்க்கிறார். கோபம் புருஷன்மேல், அது தொண்டைக்குள்ளேயே நிற்கிறது. இவன் உருப்படியானவனா என்ற கணக்கு தனியாக ஓடுகிறது. அம்மாவின் தீர்ப்பு: "கெட்டிக்காரி. இவளை யாரும் ஏமாத்த முடியாது."

டைட்டிலில் மற்றவர்களுக்கெல்லாம் வெறும் பேர். இவருக்கு மட்டும் "மிஸ் பார்பரா ஸ்டான்விக்". நாலு சீசன், 112 எபிசோடு. ஹீத் வேஷம் போட்ட லீ மேஜர்ஸ் பின்னால் பெரிய டிவி ஸ்டார் ஆனார். மகளாக வரும் லிண்டா எவன்ஸ் 'டைனாஸ்டி' தொடரில் கொடிகட்டிப் பறந்தார்.

கேள்வி கேட்டவருக்கு: நாலு எபிசோடு என்றீர்களே, அதில் முதல் எபிசோடு இருந்ததா?

பிப்ரவரி 18

ரொம்பத் தூக்கிவிட்டேன், கொஞ்சம் இறக்கிவைக்க வேண்டும். தத்தெடுத்த மகனோடு அவருக்குக் கடைசிவரை ஒட்டவில்லை. பையனைச் சின்ன வயதிலேயே விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார், வளர்ந்த பிறகு பேச்சுவார்த்தையே இல்லை. திரையில் ஹீத்தை ஏற்றுக்கொண்டவர். அரசியலில் கெட்டி வலதுசாரி. கம்யூனிஸ்ட் வேட்டைக்குத் துணைபோன ஹாலிவுட் சங்கத்தில் உறுப்பினர். கோரஸில் ஆடி மேலே வந்தவர் தொழிலாளி பக்கம்தான் நிற்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நினைத்தது, நான் மேலே வந்த மாதிரி எல்லோரும் வரட்டும் என்று. தெரிந்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 21, இரவு 9.30

வில்லியம் ஹோல்டன் கதையை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

1939, 'கோல்டன் பாய்'. ஹோல்டன் புதுமுகம், இருபத்தொரு வயது. திணறுகிறார், தூக்கிவிடலாம் என்று ஸ்டூடியோவில் பேச்சு. ஸ்டான்விக் கூடாது என்று நின்றார். ஷூட்டிங் முடிந்த பிறகு தன் அறையில் உட்கார்த்தி வைத்து அடுத்த நாள் காட்சியைச் சொல்லிக்கொடுத்தார். ஹோல்டன் வருஷா வருஷம் அந்தப் படம் தொடங்கிய நாளில் அவருக்குப் பூ அனுப்பிக்கொண்டிருந்தார்.

1978 ஆஸ்கர் விழாவில் இரண்டு பேரும் ஒலிக்கான விருதை அறிவிக்க மேடைக்கு வந்தார்கள். ஹோல்டன் எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டு, இந்தப் பெண் இல்லையென்றால் நான் இன்று இங்கே நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஸ்டான்விக் எதிர்பார்க்கவில்லை. அந்த வீடியோவைப் பாருங்கள். முதல் டேக்கில் எல்லாம் வந்துவிடும் என்றார்களே, அது அப்படியே நடக்கிறது. முகம் ஒரு நொடி உடைந்து, உடனே அவரைக் கட்டிக்கொள்கிறார், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி வந்த வேலைக்குத் திரும்புகிறார்.

1982-இல் ஸ்டான்விக்குக் கௌரவ ஆஸ்கர். ஹோல்டன் அதற்கு நாலைந்து மாதம் முன்னால் இறந்துவிட்டார். சிலையைக் கையில் வைத்துக்கொண்டு, உன் ஆசை நிறைவேறிவிட்டது என்று அவருக்குத்தான் சொன்னார். சொல்லும்போது "கோல்டன் பாய்" என்றுதான் அழைத்தார்.

பிப்ரவரி 22

கடைசிக்காலம் பற்றிக் கேட்டவருக்கு. 1983-இல் 'தி தார்ன் பர்ட்ஸ்' குறுந்தொடர், மூன்றாவது எம்மி. ஆஸ்திரேலியாவில் பணக்காரக் கிழவி, இளம் பாதிரியார் மேல் ஆசை வைக்கிறவள். இந்த உடம்புதான் கிழமாகிவிட்டது, உள்ளே நான் இன்னும் இளமையாகத்தான் இருக்கிறேன் என்று கத்துகிற இடம் ஒன்று உண்டு. எழுபத்தைந்து வயது நடிகை, சாயம் பூசாத முடி. காமம் அசிங்கமாகவும் இல்லை, பரிதாபமாகவும் இல்லை, ஆத்திரமாக இருக்கிறது.

அப்புறம் 1985-இல் 'தி கோல்பீஸ்' தொடர். ஒரே சீசன், பிடிக்கவில்லை, வெளியே வந்துவிட்டார். எழுதியதைக் குப்பை என்று தயாரிப்பாளரிடமே சொன்னதாகச் சொல்வார்கள். 1990 ஜனவரியில் இறந்தார். சடங்கு எதுவும் வேண்டாம் என்றார். சாம்பலைக் கலிபோர்னியாவில் லோன் பைன் பக்கம் தூவினார்கள். வெஸ்டர்ன் படங்கள் எடுத்த இடம்.

பிப்ரவரி 24, இரவு 10.45

"எதிலிருந்து ஆரம்பிக்கலாம்" என்கிறார் கேள்வி கேட்டவர். இறங்கி வந்துவிட்டார், நல்லது.

'டபுள் இன்டெம்னிட்டி' முதலில். பிறகு 1933-இல் வந்த 'பேபி ஃபேஸ்'. தணிக்கைக்கு முந்தைய பிரதி 2004-இல்தான் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் அகப்பட்டது, அதைத் தேடிப் பாருங்கள். வெட்டின பிரதியில் பாதி விஷம் இறங்கிப்போயிருக்கும். மெக்மர்ரேயோடு அவர் சேர்ந்த மூன்று படங்களையும் வரிசையாகப் பார்த்தால் ஒரு ஜோடி வயசாவதைப் பார்க்கலாம்: 1940, 1944, 1956.

'ஸ்டெல்லா டாலஸ்' கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் மகளுக்குக் கல்யாணம், தாய் மழையில் வெளியே வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டத்தோடு நிற்கிறாள். போலீஸ்காரர் நகரு நகரு என்கிறார். முத்தம் கொடுக்கிறவரை இருக்கவிடுங்கள் என்று கெஞ்சுகிறாள். கைக்குட்டையின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறாள், சின்னப்பிள்ளை மாதிரி. அழுகையை அடக்கவா, சிரிப்பை அடக்கவா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பிறகு திரும்பி, கேமராவை நோக்கி விறுவிறுவென்று நடந்து வருகிறாள். நான் நோட்டில் எழுத வேண்டியிருந்தால் அந்த ஷாட்டுக்கு "கைக்குட்டை, ஈரம், வாயில்" என்று மட்டும் எழுதியிருப்பேன்.

பிப்ரவரி 25, காலை 6.40

மெக்மர்ரேயோடு மூன்று இல்லை, நாலு. 1953-இல் 'தி மூன்லைட்டர்' விட்டுப்போச்சு. எல்லோரும் விடுகிற படம்தான்.